எட்டு வாட் மின்சாரம்

‘கோபா’ என்றால் சுவாஹிலி மொழியில் கடன் வாங்குதல். கென்யாவில் 2012 முதல் வீட்டுச் சோலார் கருவிகளைத் தவணைக்கு விற்ற எம்-கோபா நிறுவனத்தைப் பாராட்டுகிறவர்கள் இந்தப் பொருளை மறந்துவிடுகிறார்கள். 2015இல் சயீத் எதிர்கால ஆற்றல் விருதும் கிடைத்துவிட, கிராமத்துக்கு மின்சாரம் கொடுக்க அரசு வேண்டாம், சந்தையே போதும் என்பவர்களுக்கு அந்நிறுவனம் முதல் சாட்சியாகிவிட்டது. அந்த வாதம் தவறு.

நன்மைகள் உண்டு. மண்ணெண்ணெய்ப் புகை குறைந்தது. போனில் சார்ஜ் ஏற்றக் கடைத்தெருவுக்கு நடப்பது நின்றது. மின்கம்பம் வருமென்று வருடக்கணக்கில் காத்திருந்த வீட்டில் வாங்கிய அன்றே விளக்கு எரிந்தது.

என்ன விலைக்கு? தொடக்கத்தில் பரவலாக விற்ற கருவியில் 8 வாட் பேனல், சில பல்புகள், ரேடியோ, சார்ஜர். முன்பணம் ஏறத்தாழ 3,000 ஷில்லிங். பிறகு ஓராண்டுக்குத் தினம் 50 ஷில்லிங். தினமும் ஐந்து மணி நேரம் முழுத் திறனில் வேலை செய்தாலும் அந்தப் பேனலில் ஒரு யூனிட் சேர 25 நாள் ஆகும். அதற்குள் அந்த வீடு 1,250 ஷில்லிங் கட்டியிருக்கும். தவணை முடிந்தால் இலவசம்தானே என்பார்கள். பேட்டரி ஐந்தாண்டு தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் யூனிட் 290 ஷில்லிங். அந்த ஆண்டுகளில் நைரோபியில் ஃபிரிட்ஜும் இஸ்திரிப் பெட்டியும் வைத்திருந்த வீடு அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கொடுக்கவில்லை.

மண்ணெண்ணெயோடுதான் ஒப்பிட வேண்டுமாம். ஏன்? நகரத்து வீட்டுக்கு மின்கம்பி அளவுகோல், கிராமத்து வீட்டுக்கு மட்டும் சிம்னி விளக்கா?

சுவரில் மாட்டிய பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. கட்டிய காசு தீர்ந்ததும் பெட்டி பூட்டிக்கொள்ளும். கூரைமேல் பேனல் இருக்கும், வெயிலும் அடிக்கும். இரவில் விளக்கு எரியாது. இதைக் கடன் என்று சொல்லுங்கள், மின்மயம் என்று சொல்லாதீர்கள். எட்டு வாட்டில் மக்காச்சோள மாவு மில் ஓடாது, பால் குளிராது, கிணற்றுத் தண்ணீர் மேலே வராது. வருமானம் தரும் இதுபோன்ற வேலைகளுக்கு அது போதாது. ஆனாலும் அந்த வீட்டை வெளிச்சம் பெற்ற வீடுகளின் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அரசின் பொறுப்பும் அத்தோடு கழிந்துவிடுகிறது.

அதே 2015இல் கென்ய அரசு மின் இணைப்புக் கட்டணத்தை 35,000 ஷில்லிங்கிலிருந்து 15,000 ஆகக் குறைத்தது. சோலாருக்குக் கட்டும் மொத்தத் தொகையைவிட இது குறைவு! ஆனால் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 600 மீட்டருக்குள் இருந்த வீடுகளுக்கே இந்தச் சலுகை. பொதுப்பணம் கம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. தூரத்தில் இருந்தவர்கள் சந்தையின் முழு விலையையும் கொடுத்தார்கள். மானியம் முதலில் போயிருக்க வேண்டியது அவர்களுக்கு.

லாபம் இருக்கும்வரைதான் ஒரு நிறுவனம் அந்த வீட்டு வாசலில் நிற்கும். எம்-கோபா இன்று தவணைக்கு விற்பதில் பெரும்பகுதி ஸ்மார்ட்போன்.