வெள்ளி உடம்பில் தெரியும் கைவண்ணம்

விமான மாடல் கட்டுகிறவரிடம் "நீங்கள் எந்தப் பள்ளி?" என்று கேட்டால் சிரித்துவிடுவார். அவர் கட்டிய மாடலைப் பார்த்தாலே அவர் யாரைப் பார்த்துக் கற்றார் என்பது தெரிந்துவிடும். அதிலும் பெயிண்ட் பூசாத அலுமினிய உடம்போடு பறந்த பழைய ஜெட் போர்விமானம்தான் இந்தக் கலையின் உரைகல். பச்சையும் பழுப்புமாக உருமறைப்பு வண்ணம் அடித்த மாடலில் பத்துக் குறைகளை மறைத்துவிடலாம். வெள்ளி உடம்பில் ஒரு கீறலைக்கூட மறைக்க முடியாது. எஃப்-100 சூப்பர் சேபரை இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 1953 மே மாதம் முதன்முதலில் பறந்த அமெரிக்க விமானம் அது.

இந்தக் கலையில் பிரிட்டிஷ்காரர்கள் மூத்தவர்கள். 1936இல் ஃப்ராக் நிறுவனம் 'பெங்குவின்' என்ற பெயரில் 1/72 அளவில் கிட்களை விற்றது. ஆறடி விமானம் ஓர் அங்குலம் என்பது கணக்கு. போர்க்காலத்தில் எதிரி விமானத்தை அடையாளம் காணப் பழக்குவதற்கும் இதே அளவுதான் பயன்பட்டது. 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் மரத்தில் செதுக்கிய ஐந்து லட்சம் மாடல்களைக் கேட்டது. 1950களில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் ஸ்பிட்ஃபயர் வந்தபோது கிட் பையன்களின் கைச்செலவுக்குள் அடங்கியது. பறந்த எல்லா விமானமும் ஒரே அளவில் அலமாரியில் நிற்க வேண்டும் என்பதே பிரிட்டிஷ் பள்ளியின் ஆசை. பாகங்கள் கொஞ்சம் முரடாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். ஸ்குவாட்ரன் குறி தப்பினால் விடமாட்டார்கள்.

அமெரிக்கர்களுக்குப் பிடித்தது 1/48. மோனோகிராம் நிறுவனம் 1970களில் தன் கிட் பெட்டிகளுக்குள் மாடல் கலைஞர் ஷெப் பெயினின் வண்ணத் துண்டுப்பிரசுரங்களை வைத்தது. எத்தனையோ பேர் காட்சியமைப்பைக் கற்றுக்கொண்டது அந்த மடித்த காகிதத்தில்தான். மோனோகிராமின் எஃப்-100டி 1980 வாக்கில் வந்தது. அதன் பேனல் கோடுகள், அதாவது தகடுகள் சேரும் இடத்துக் கோடுகள், பள்ளமாக இல்லாமல் மேடாக இருக்கும். உப்புத்தாள் பட்டால் அழிந்துவிடும். பின்னாளில் டிரம்பெட்டர் நிறுவனம் பள்ளக்கோடுகளும் ரிவெட்டுகளுமாக அதே விமானத்தைக் கொண்டுவந்தபோது பலர் பழைய கிட்டைத் தூக்கிப்போடத் தயாரானார்கள். புதியதில் மூக்குத்துளையின் வடிவம் சரியில்லை என்ற புகார் கிளம்பியதும் பழைய கிட்டை மறுபடி தேடினார்கள். என் கட்சி பழைய கிட்தான். கோட்டை நாம் கீறிக்கொள்ளலாம், வடிவத்தை அவ்வளவு எளிதில் திருத்த முடியாது.

ஜப்பானின் டாமியா 1946இல் மரக்கடையாகத் தொடங்கிய நிறுவனம். பாகம் பாகத்தோடு இழைந்து பொருந்த வேண்டும் என்ற ஜப்பானியப் பிடிவாதத்துக்கு அந்தத் தச்சு வாசனையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மெல்லிய பள்ளக்கோட்டை உலகத்துக்கே பழக்கியவர்கள் ஜப்பானியர்கள். ஆனாலும் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: 1/48இல் 0.2 மில்லிமீட்டர் அகலக் கோடு நிஜ விமானத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. அப்படி வாய் பிளந்த தகடோடு எந்த ஜெட்டும் பறக்காது. அதற்குள் கறுப்பு மசியையும் ஓடவிட்டால் ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி ஆகிவிடும்.

அந்தக் கறுப்பு மசி மோகத்தை வளர்த்ததில் ஐரோப்பியர்களுக்குப் பங்கு உண்டு. பெல்ஜிய மாடலர் ஃபிரான்சுவா வெர்லிண்டன் மசி ஓட்டுவதையும் உலர்ந்த தூரிகையால் விளிம்பைத் தூக்கிக்காட்டுவதையும் ஊரெங்கும் பரப்பினார். பின்பு ஸ்பானியப் பள்ளி வந்தது. ஒவ்வொரு பேனலின் நடுவிலும் வெளுப்பு, ஓரத்தில் நிழல் என்று அது ஓவியனின் பார்வையைக் கொண்டுவந்தது. டாங்கிக்கு அது பிரமாதம். வெள்ளி ஜெட்டில் அதையே செய்தால் தரைக்குழுவினர் விமானத்தைத் துடைப்பதே இல்லை என்றுதான் தோன்றும்.

வெள்ளி உடம்புக்குத் தேவையான வேலை வேறு. இரண்டு பாதி உடம்பையும் ஒட்டும் முன்பே மூக்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றுக்குழாயின் உள்தையலை அடைத்துத் தேய்த்தாக வேண்டும். பிறகு கை நுழையாது. குழாய் வாயில் சிவப்பு மூடியைப் போட்டுத் தப்பிப்பவர்களும் உண்டு. நிஜத் தளத்திலும் மூடி போடுவார்கள் என்பதால் அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. மூக்குச்சக்கர ஜெட் பின்பக்கம் சாயாமல் நிற்க மூக்குக்குள் தூண்டில் ஈயத்தை ஒட்டுவார்கள். வெளித்தையலைப் படிப்படியாக நைசான உப்புத்தாளால் தேய்த்து, பளபளக்கும் கறுப்பு அடித்தளம் பூசி, அது நன்றாகக் காய்ந்த பிறகே ஏர்பிரஷ்ஷில் அல்கிளாட் போன்ற உலோக லாக்கரை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். கறுப்பில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் வெள்ளியில் அது பருவாகத் தெரியும். பேனலுக்குப் பேனல் சாயல் மாற வேண்டும். ஆனால் பக்கத்தில் வந்து பார்ப்பவருக்கு மட்டும் தெரியும் அளவில்.

எஃப்-100இன் வால்பகுதி தனிக் கச்சேரி. ஆஃப்டர்பர்னரின் சூட்டில் அந்த உலோகம் நிறம் மாறும்: சூடு குறைந்த இடத்தில் வைக்கோல் நிறம், ஏற ஏறப் பழுப்பு, ஊதா, நீலம். உள்ளே சட்டம் தாங்கும் இடமும் தாங்காத இடமும் ஒரே மாதிரி சூடேறுவதில்லை. அதனால் திட்டுத்திட்டாக இருக்கும். இந்த வரிசையைத் தெரியாமல் வானவில் அடித்தவர்களின் மாடலைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். டாமியாவின் ஒளிபுகும் ஆரஞ்சையும் நீலத்தையும் நிறைய நீர்த்து, ஆரஞ்சை முதலில் தூவி நீலத்தை அதன்மேல் மெல்ல ஏற்ற வேண்டும். ஆண்டையும் கவனிக்க வேண்டும். 1950களில் வெற்று உலோகம். 1960களின் தொடக்கத்தில் பலவற்றுக்குச் சில்வர் லாக்கர் பூசினார்கள். வியட்நாம் போரில் 1965 முதல் உருமறைப்பு வண்ணம் வந்தது. வால் மட்டும் மூன்று காலத்திலும் கருகியே இருந்தது.

தரம் எது என்பதற்கு எழுதிவைத்த வழக்கம் உண்டு. 1963இல் பிரிட்டனில் தொடங்கிய ஐ.பி.எம்.எஸ். என்ற மாடலர் சங்கத்தின் கிளைகள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. அவ்வழி வந்த போட்டிகளில் நடுவர் முதலில் பார்ப்பது அடிப்படை வேலையை: தையல் தெரிகிறதா, இறக்கை இரண்டும் ஒரே கோணத்தில் இருக்கின்றனவா, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா, டெக்கால் என்னும் ஒட்டுக்குறியின் அடியில் காற்று புகுந்து வெளுத்திருக்கிறதா. நிறச்சாயலில் சண்டை போடுவது அதற்குப் பிறகுதான். சில இடங்களில் முதல், இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவார்கள். கவசவாகன மாடலர்களின் ஆம்ப்ஸ் சங்கம் ஒவ்வொரு மாடலையும் தனியாக அளவுகோலில் வைத்து மதிப்பெண் தரும். தங்கம் எத்தனை பேருக்கும் கிடைக்கலாம். ஜப்பானின் ஷிசுவோகாவில் மே மாதக் கண்காட்சியையொட்டிச் சங்கங்கள் கூட்டாக மாடல்களைப் பரப்பிவைக்கும். அங்கே போட்டிக்கு வேலையில்லை, பார்த்துப் பேசுவதற்குத்தான்.

இப்போது முப்பரிமாண அச்சில் வண்ணத்தோடு வரும் டேஷ்போர்டு கடையில் கிடைக்கிறது. பித்தளைத் தகட்டை மடித்துப் பழகியவர்களுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல். எனக்கு இல்லை. வாங்கிய டேஷ்போர்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், காற்றுக்குழாயின் தையலை இன்னும் கையால்தான் தேய்க்க வேண்டியிருக்கிறது.