தீர்க்கதரிசிகளின் தராசு

பாவத்தையும் மனமாற்றத்தையும் மெய்ப்பத்தியையும் பாடாத சமய இலக்கியம் இல்லை எனலாம். எபிரேயத் தீர்க்கதரிசிகளின் நூல்கள் இம்மூன்றையும் காணும் முறையை நம் தமிழ் மரபோடும், நாம் குடியேறி வாழும் கன்னட நாட்டின் வசன மரபோடும் ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சமயச் சார்பு கருதாது இலக்கியமாகவே அவற்றை இங்குக் காண்போம்.

கி.மு. எட்டாம் நூற்றாண்டில் தெக்கோவா என்னும் ஊரில் மந்தை மேய்த்தும், காட்டத்தி மரங்களைப் பேணியும் வாழ்ந்தவர் ஆமோஸ். இரண்டாம் யெரொபெயாம் அரசாண்ட வடநாட்டிலே செல்வம் கொழித்தது. பெத்தேல் திருத்தலத்தில் பலிகள் குறைவின்றி நடந்தன. அங்குச் சென்ற ஆமோஸ், ஏழையை ஒரு சோடிச் செருப்பிற்கு விற்கும் நாட்டின் விழாக்களை இறைவன் வெறுக்கிறான் என முழங்கினார். தலத்தின் ஆசாரியனான அமத்சியா அவரை ஊரைவிட்டு ஓடிவிடுமாறு பணித்தான்.

ஆமோஸ் தீட்டும் வணிகனின் சித்திரம் நம் கருத்திற்குரியது. அவன் ஓய்வுநாளை மீறுபவன் அல்லன். கடையடைத்து, விதிப்படி நாளைக் கழிக்கிறான். ஆயின் அந்நாள் எப்போது முடியும், மரக்காலைச் சிறிதாக்கித் தராசைப் பொய்யாக்கி எப்போது தானியம் விற்கலாம் என்றே அவன் உள்ளம் கணக்கிடுகிறது. இங்கே பாவம் வழிபாட்டிற்குப் புறம்பே நிற்கவில்லை. வழிபாட்டு நேரத்திற்குள்ளேயே அமர்ந்திருக்கிறது.

நம் மரபில் இதற்கு ஒப்பு இல்லையா? உண்டு. நாவுக்கரசரின் பாவநாசத் திருக்குறுந்தொகை, புனித நீராடலும் பிற சடங்குகளும் தம்மளவில் பயன்தரா என்று அடுக்கடுக்காக வினவுகிறது. ஆயின் வேறுபாட்டைக் காணல் வேண்டும். இறைவனை உணராத சடங்கு வீண் என்கிறார் அப்பர். ஏழைக்கு நீதி செய்யாத சடங்கு வீண் என்கிறார் ஆமோஸ். வணிகனின் நேர்மையை வள்ளுவர் நடுவுநிலைமையில் வைத்தார். இறைவனின் தாளைக் கடவுள் வாழ்த்தில் வைத்தார். தீர்க்கதரிசியோ தராசையும் பலிபீடத்தையும் ஒரே அதிகாரத்தில் வைத்துவிடுகிறார். இவ்விருவர்க்கும் இடையே, பன்னிரண்டாம் நூற்றாண்டில் கலியாண நகரில் பிச்சள மன்னனின் பண்டாரப் பொறுப்பேற்றிருந்த பசவண்ணர் நிற்கிறார். தயையை அறத்தின் வேராகவும், உழைப்பாகிய காயகத்தையும் பகிர்வாகிய தாசோகத்தையும் வழிபாடாகவும் கொண்ட நெறி அவருடையது.

இனி, மனமாற்றம். எபிரேயத்தில் இதற்குரிய வினை ‘ஷூப்’. அதன் நேர்பொருள் திரும்புதல் என்பதே. வழிப்போக்கன் வந்த வழியே மீளுதலுக்கும் அச்சொல்லே வழங்கும். தமிழில் ‘மனந்திரும்புதல்’ என மொழிபெயர்த்தோர் அந்தத் திரும்புதலை அழகாகக் காத்தனர். எனினும், ‘மனம்’ என்னும் அடை சேர்ந்தமையால், கால்களும் கைகளும் திரும்பவேண்டும் என்பதைப் படிப்போர் மறக்க இடமுண்டு. ஓசியாவின் ஆறாம் அதிகாரம் இவ்வையத்தைத் தெளிவாக்கும். அங்கே மக்கள் இறைவனிடம் திரும்புவோம் என்று இனிய பாடலொன்றைப் பாடுகின்றனர். பாட்டில் சொற்குற்றம் யாதுமில்லை. வரும் மறுமொழியோ, அவர்களுடைய அன்பை விடியற்கால மேகத்திற்கும் வெயிலுக்கு முன் மறையும் பனிக்கும் ஒப்பிடுகிறது. யோனாவின் நூலில் நினிவே மக்கள் தம் விலங்குகளுக்கும் இரட்டுடுத்தினர். ஆயினும் இறைவன் கண்டது இரட்டையன்று, தீயவழியை விட்டுத் திரும்பிய அவர்தம் செயலையே என நூல் கூறுகிறது.

நம்மனோர்க்கு மிக நெருங்கிய பகுதி ஒன்றுண்டு. ஆலயம் இருக்கும்வரை தமக்குக் கேடில்லை என நம்பியோரை நோக்கி, எருசலேம் ஆலய வாயிலில் நின்று எரேமியா பேசியது அது. அயலான், தாய் தந்தையற்றவன், கணவனை இழந்தவள் ஆகியோரை ஒடுக்காதிருத்தலை அவர் நிபந்தனையாக்குகிறார். தமிழ் விவிலியம் இவ்வயலானைப் ‘பரதேசி’ என்கிறது. இன்று வசைச்சொல்லாய்த் தாழ்ந்துவிட்ட அச்சொல் பிற நாட்டான் என்பதையே குறிப்பது. பெங்களூரில் குடியேறிய நம் முன்னோரும் அப்பொருளில் பரதேசிகளே. இன்று அவர்தம் மக்களுள் பலர் வீடுடையோராய், வாடகை வாங்குவோராய், கூலி கொடுப்போராய் உயர்ந்துள்ளோம். வடபுலத்திலிருந்து கட்டடப் பணிக்கு வருவோர் இப்போது நம் தெருவில் பரதேசிகள். நமக்கு நீதி வேண்டியபோது இனித்த எரேமியாவின் சொல், நம்மிடம் நீதி வேண்டும்போதும் இனிக்குமா? அவர் கொடுத்த கூலியிலும் கொண்ட வாடகையிலும்தான் அதற்கு விடை உண்டு.

அப்பரின் கண்ணீர் தனி உள்ளத்தை உருக்குவது. தீர்க்கதரிசியின் சினம் சந்தையையும் வழக்கு மன்றத்தையும் நடுங்கச் செய்வது. ஒன்று மற்றொன்றிற்கு மாற்றாகாது. உருகிய உள்ளம் தராசைத் திருத்தாவிடின் அவ்வுருக்கம் பனியே. அன்பின்றித் தராசு மட்டும் நிமிர்ந்தால் அங்கே பத்தி இல்லை. இரண்டையும் ஒருங்கே கற்போர் பத்தி என்னும் சொல்லின் முழு அளவையும் உணர்வர் என்பது எம் துணிபு.