வீரக்கதையும் வாக்குச்சீட்டும்

போர்க்களத்திலிருந்து மீண்ட ஒருவர் சட்டசபைக்குப் போட்டியிடும்போது, அவரது கொள்கைக்கு முன்னர் அவரது கதையே வாக்காளரை வந்தடைகின்றது. அக்கதை எழுத்தில் அமைந்ததாயின் அது இலக்கிய விமரிசனத்துக்கும் உரிய பொருளாகின்றது. அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஹேர்சியின் கட்டுரையொன்றுக்கு நேர்ந்த கதி இவ்வகையில் நாம் ஆராயத்தக்கது.

1943 ஓகஸ்ட் 2 ஆம் திகதி அதிகாலை, சொலமன் தீவுகளின் அருகே ஜப்பானிய நாசகாரிக் கப்பலொன்று மோதியதால் 'பி.ரி. 109' என்னும் சிறு போர்ப்படகு பிளவுண்டது. பதின்மூவருள் இருவர் மாண்டனர். படகின் தலைவரான ஜோன் கெனடி, தீக்காயமுற்ற தோழரொருவரின் மிதவையங்கி வாரைப் பற்களாற் கவ்வி இழுத்தவாறு மணிக்கணக்கில் நீந்தினார். ஹேர்சி இதனை 1944 யூன் 17 ஆம் திகதிய 'நியூ யோர்க்கர்' சஞ்சிகையில் எழுதினார்.

ஹேர்சியின் கட்டுரை வெறும் புகழ்மாலையன்று. விளக்கேந்தி இரவிற் தனித்து நீந்திச் சென்ற கெனடி, உதவிப் படகெதனையும் காணாது, நீரோட்டத்தில் அள்ளுண்டு, சித்தம் தடுமாறி மிதந்த பகுதியே அதன் உயிர்நிலை எனலாம். வீரத்தை அன்று, மனிதனின் இயலாமையையே அங்கு எழுத்தாளர் காண்கின்றார். ஆயின் அக்கட்டுரை 'றீடர்ஸ் டைஜெஸ்ற்' இதழிற் சுருங்கி, 1946 இல் தேர்தற் பிரசுரமாக வீடுகள்தோறும் சென்றபோது அதன் பொருள் மாறிற்று. படைப்பின் கேள்வி பிரசுரத்தில் விடையாகிவிட்டது.

இம்மாற்றத்தின் சமூகத் தேவை யாது? பொஸ்ரன் துறைமுகத்தையும் அதன் அயலையும் அடக்கிய அத்தொகுதியில் உழைப்பாளரே பெருந்தொகையினர். வேட்பாளரோ கோடீசுவரரின் மைந்தர். இவ்விரு வர்க்கங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்க அக்கடற்கதை பாலமாயிற்று. பற்களாற் தோழரை இழுத்தவர் தம்மவரே என்று தொழிலாளி எண்ணியதில் வியப்பில்லை. அந்தத் துணிவு பொய்யன்று. அதனை மறுப்பது நமது நோக்கமுமன்று. ஆயின் துணிவு ஒருவரின் பண்பைக் காட்டலாம். அவர் எவர் பக்கம் நிற்பார் என்பதைக் காட்டாது.

சான்று தொலைவில் இல்லை. அதே 1946 தேர்தலில் கடற்படையிற் பணிபுரிந்த றிச்சார்ட் நிக்சனும் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானார். விமானப்பிரிவில் உளவுத்தகவல் அதிகாரியாயிருந்த ஜோசெப் மக்கார்த்தி, விமானத்தின் வாற்புறத் துப்பாக்கி வீரரெனத் தம்மை விளம்பரப்படுத்தி செனற் சபை புகுந்தார். மறு ஆண்டு, தொழிற்சங்க உரிமைகளைக் குறுக்கிய ராவ்ற்-ஹாட்லி மசோதா வந்தது. கெனடி எதிர்த்து வாக்களித்தார். நிக்சனும் மக்கார்த்தியும் ஆதரித்தனர். சீருடை அணிந்த மூவரும் ஒரே திசையில் நிற்கவில்லை. தொழிலாளியின் வாழ்வைத் தொட்ட அந்த வினாவுக்கு வீரக்கதைகள் எதிலும் விடை இருக்கவில்லை.

கதை மறைத்த இன்னொரு பக்கமும் உண்டு. கெனடியையும் தோழரையும் கண்டறிந்து, தேங்காய் ஓட்டிற் செதுக்கிய செய்தியை எதிரியின் கடல்வழியே சுமந்து சென்றவர்கள் பியூக்கு காசா, எரோனி குமானா என்னும் தீவுவாசிகள். அவர்களது துணிவு எவ்வகையில் குறைந்தது? எனினும் பிரித்தானியரின் ஆட்சிக்குட்பட்டிருந்த அத்தீவுகளில், 1946 இல் மக்கள் தெரிவுசெய்யும் சட்டசபை எதுவும் இருக்கவில்லை. அவை சுதந்திரம் பெற்றது 1978 இலேயே. ஒரே கடலில் ஒரே ஆபத்தை ஏற்றோருள் ஒருவருக்கு அது ஆசனமாயிற்று. மற்றோருக்கு வாக்குரிமைகூட இல்லை.

ஹேர்சியே இதற்கு மறுமொழி தந்தாரெனத் தோன்றுகின்றது. 1946 ஓகஸ்ட் 31 ஆம் திகதிய அதே சஞ்சிகையின் இதழ் முழுவதும் அவரது 'ஹிரோஷிமா' இடம்பெற்றது. அணுகுண்டில் உயிர்தப்பிய அறுவரின் கதை அது: எழுதுவினைஞர், தையற்தொழில் செய்த விதவை, வைத்தியர் இருவர், மதகுருமார் இருவர். அங்கு வெற்றியாளர் எவருமிலர். எந்த வேட்பாளரும் தமக்கெனச் சுருக்கியெடுக்க இயலாத போர்க்கதை அது. அதன் பெருமையும் அதுவே.

எனவே வீரக்கதையை வெறுக்குமாறு நாம் மாணவருக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. முழுமையாக வாசிக்கக் கற்பித்தலே வேண்டும். இதனைச் சுருக்கியவர் யார், எவர் பெயர் விடுபட்டது, அரிசிக்கும் கூலிக்கும் இதில் என்ன மறுமொழி என்னும் மூன்று வினாக்களையும் கேட்கப் பழகிய வாக்காளன் சிறந்த விமரிசகனுமாவான்.