படுத்துவிட்ட எஞ்சினும் பல் கடித்து ஏறும் எஞ்சினும்

புது டில்லியில் 1977-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய இரயில் அருங்காட்சியகத்துக்குச் செல்லும் கொங்கு நாட்டு வாசகருக்கு அங்கே ஒரு பழகிய முகம் காத்திருக்கிறது. நீலகிரி மலைப்பாதையில் ஓடிய 'எக்ஸ்' வகை நீராவி எஞ்சின் அது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. இப்போது சமதளத்தில் அசையாமல் நிற்கிறது. சுற்றிவந்து பார்க்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது எப்படி மலை ஏறிற்று என்று உடன்வந்த சிறுவன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அவிநாசித் தேரோட்டத்தைக் கண்டவர்களுக்கு முட்டுக்கட்டையின் அருமை தெரியும். சமமான வீதியிலேயே அவ்வளவு பெரிய பாரத்தை அடக்கச் சக்கரத்தின் கீழே கட்டை கொடுக்க வேண்டியிருக்கிறது. கல்லாறுக்கு மேலேயோ, பாதை சுமார் 12 மீட்டர் போவதற்குள் 1 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. 12 டன் பாரம் என்றால் ஏறத்தாழ 1 டன் விசை எந்நேரமும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். வழவழப்பான தண்டவாளம், அதன்மேல் வழவழப்பான சக்கரம். மழையும் சருகும் சேர்ந்தால் உராய்வு எவ்வளவு மிஞ்சும்?

ஆகவேதான் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய எஃகுச் சட்டங்கள் இரண்டை அருகருகே பதித்தார்கள். ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றதன் பள்ளம் வரும். எஞ்சினின் அடிவயிற்றில் உள்ள பற்சக்கரங்கள் இவற்றைக் கவ்விக் கவ்வி ஏறுகின்றன. ஒரு சட்டத்தின் பல் விடுபடும்போது அடுத்த சட்டத்தின் பல் பிடித்துக்கொள்ளும். இம்முறையை வகுத்தவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர்.

எஞ்சினில் உருளைகள் நான்கு. கீழே உள்ள இரண்டும் சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன. அங்கே உழைத்து வெளிவரும் நீராவியை வானத்தில் விட்டுவிடாமல் மேலே உள்ள இரண்டுக்கும் அனுப்பிப் பற்சக்கரங்களைச் சுழற்றுகிறார்கள். ஒரே நீராவியிடம் இருமுறை வேலை வாங்கும் சிக்கனம்! நம் குடியானவர்கள் இதை மெச்சுவார்கள்.

நின்றுபோன எஞ்சினில் இவையெல்லாம் எங்கே தெரியும்? எடையும் நீளமும் செய்த ஆண்டும் எழுதிய பலகை எத்தனை பெரிதாயினும் இதைச் சொல்லாது. அருங்காட்சியகமே வேண்டாம் என்பது என் கட்சியன்று. 1855-இல் செய்த 'ஃபேரி குவீன்' இன்றும் நம்மிடம் இருப்பது பாதுகாத்ததன் பயன்தான். ஆயினும் பாதுகாப்பது ஒன்று, விளக்குவது வேறு. இங்கிலாந்தின் யார்க் நகர இரயில் அருங்காட்சியகத்தில் 'எல்லர்மன் லைன்ஸ்' என்ற எஞ்சினைப் பக்கவாட்டில் அறுத்தே வைத்திருக்கிறார்கள். கொதிகலனின் குழாய்களும் உருளையின் உட்புறமும் கண்முன்னே தெரிகின்றன. நாம் ஓர் அரிய எஞ்சினை அறுக்க வேண்டாம். அடியில் ஒரு குழி, இறங்கப் படி, ஒரு விளக்கு. பக்கத்தில் நாலு முழம் பற்சட்டமும் கையால் சுற்றக்கூடிய ஒரு பற்சக்கரமும் வைத்தால் போதும். கோவைப் பட்டறைகளுக்கு இது ஒரு வேலையா?

இது வெறும் பழம்பெருமை பேசும் சங்கதியன்று. திருச்சி பொன்மலைப் பணிமனை இதே 'எக்ஸ்' அமைப்பில் புதிய எஞ்சின்களைச் செய்து தந்திருக்கிறது. அந்தக் கைத்திறன் அடுத்த தலைமுறைக்கும் போக வேண்டுமானால், மாணவர் கண்ணில் முதலில் அந்தப் பற்சக்கரம் பட்டாக வேண்டும்.

அதுவரை காத்திராதீர்கள். அவிநாசியிலிருந்து அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் சுமார் 40 கிலோமீட்டர்தான். 1899-இல் குன்னூர் வரை திறக்கப்பட்ட அப்பாதையில் இன்றும் நீராவி எஞ்சின் ஓடுகிறது. அது வண்டியை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஏன் என்று யோசியுங்கள். பெட்டிதோறும் ஒரு பிரேக்காளர் நிற்பதையும் பாருங்கள். கல்லாறு தாண்டிய பின் ஏதேனும் ஒரு வளைவில் எஞ்சினின் பக்கவாட்டைக் கவனித்தால், கீழ்த்தண்டுகளுடன் மேல்தண்டுகளும் இயங்குவது தெரியும். குன்னூரில் இறங்கியதும் தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் எங்கே முடிகிறது என்று தேடுங்கள். அங்கிருந்து உதகை வரை அது கிடையாது. சரிவு அவ்வளவு கடுமையன்று.