கள்ளத்தராசு: ஒரு வாசிப்பும் மூன்று விடுபடல்களும்

'வேதமும் வியாபார நேர்மையும்' என்ற மாதிரி வருகிற பிரசங்கங்கள், கைப்பிரதிகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அச்சுதான். முதலில் நீதிமொழிகள் 11:1. அடுத்து லேவியராகமம் 19:35, உபாகமம் 25. கடைசியில், நேர்மையாக இருந்தால் தொழில் ஆசீர்வதிக்கப்படும் என்று முடியும். இதில் பொய் எதுவும் இல்லை. உபாகமம் 25:15-லேயே நீடித்த நாட்களைப் பற்றிய வாக்குறுதி இருக்கிறது. ஆனால் இந்த வாசிப்பில் மூன்று விஷயங்கள் விடுபட்டுப் போகின்றன. அவை சின்ன விஷயங்கள் அல்ல.

1. ஏமாற்று நடந்த விதம்

ஆமோஸ் 8:5-இல் தானிய வியாபாரிகள் மரக்காலைக் குறைத்து, சேக்கலைக் கூட்டுகிறார்கள். 'அளவைக் குறைச்சு விலையை ஏத்திட்டாங்க' என்று சொல்லிவிட்டுப் பலர் கடந்துவிடுகிறார்கள். ஏற்றியது விலையை அல்ல, எடையை. கி.மு. 8-ஆம் நூற்றாண்டு இஸ்ரவேலில் நாணயம் கிடையாது. வாங்க வருகிறவர் வெள்ளித் துண்டுகளோடு வருவார். அதைத் தராசில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். எப்பெரோனிடம் நிலம் வாங்கிய ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளியை எண்ணவில்லை, நிறுத்துத்தான் கொடுத்தார் (ஆதியாகமம் 23). 'சேக்கல்' என்ற சொல்லே நிறுத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது.

இப்போது கணக்கைப் பாருங்க. யூதாவில் அகழ்ந்தெடுத்த சேக்கல் கற்கள், கூம்பிய தலையுள்ள சிறிய சுண்ணாம்புக் கற்கள். ஒரு சேக்கல் சுமார் 11.3 கிராம். கல்லில் ஒரு கிராம் கூட்டினாலே வெள்ளி கிட்டத்தட்ட 9 விழுக்காடு அதிகமாகப் போகும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மறுபக்கம் மரக்காலும் சின்னது. ஒரே பேரத்தில் கொடுப்பதிலும் அடி, வாங்குவதிலும் அடி. பையில் இரண்டு விதக் கல் வைக்காதே என்று உபாகமம் சொல்வது இதனால்தான். (எபிரெயத்திலும் எடைக்குச் சொல் 'கல்'தான், நம் எடைக்கல் மாதிரியே.)

2. ஏமாந்தவர் யார்

அடுத்த வசனத்திலேயே பதில் இருக்கிறது. வெள்ளிக்கு ஏழையையும், ஒரு ஜோடி செருப்புக்கு எளியவனையும் வாங்குகிற பேச்சு அது. தானியம் குறைந்தால் கடன். கடன் அடையாவிட்டால் ஆளே அடிமை. தராசு இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி. இதைச் செய்தவர்கள் ஓய்வுநாளை மீறவும் இல்லை. அது எப்போ முடியும், கடையை எப்போ திறக்கலாம் என்று காத்திருந்தவர்கள். ஆமோஸ் திட்டுவது பக்தியுள்ள வியாபாரிகளை. கைப்பிரதிகள் பேசுவதும் அவர்களிடம்தானே?

லேவியராகமத்திலும் இதே கதை. 35-ஆம் வசனத்தில் தராசுச் சட்டம் தொடங்குகிறது. அதற்கு முந்தைய 33, 34 இரண்டும் உங்களோடு தங்கும் அந்நியரை ஒடுக்காதீர்கள், நீங்களும் எகிப்தில் அந்நியர்தான் என்கின்றன. தராசுச் சட்டமும் எகிப்தை நினைவூட்டித்தான் முடிகிறது. உள்ளூர்க் கல்லும் படியும் தெரியாத அந்நியரை ஏமாற்றுவது எளிது என்பதால் இவை அடுத்தடுத்து வந்தன என்பது என் ஊகம். ஆனால் 35-இலிருந்து மட்டும் வாசித்தால் அந்தக் கேள்வியே எழாது.

தமிழ் மொழிபெயர்ப்பும் இதற்கு ஒரு காரணம். பழைய மொழிபெயர்ப்பில் லேவியராகமம் 19:36-இல் வரும் சொல் 'சுமுத்திரையான'. அழகான, வட்டாரத்தோடு ஒட்டிய சொல்; இன்றைக்கும் எடைக்கல்லுக்கு முத்திரை போடுகிறோம். ஆனால் எபிரெயத்தில் அங்கே இருப்பது 'ட்செதெக்', அதாவது நீதி. நீதியான தராசு, நீதியான கல். நீதிமொழிகள் 11:1-இல் 'முழுமையான' என்ற வேறு எபிரெயச் சொல் இருக்கிறது. அதற்கும் தமிழில் 'சுமுத்திரையான'தான். தீர்க்கதரிசிகள் ஏழைக்காகக் கேட்கும் அதே நீதிதான் தராசிலும் இருக்கிறது என்பது தமிழ் வாசகருக்குக் கேட்காமல் போகிறது. முத்திரை இருந்தால் போதும் என்றாகிவிடுகிறது.

3. திருப்பிக் கொடுத்தல்

எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான். லேவியராகமம் 6-இன்படி, ஏமாற்றி வாங்கியதை முழுதாகவும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும், உரியவரிடம் கொடுக்க வேண்டும். பலியோடு மட்டும் வந்தால் ஆகாது. லூக்கா 19-இல் வரித் தலைவன் சகேயு நாலு மடங்கு என்கிறான். ஆனால் நான் பார்த்த கைப்பிரதிகளில் மனந்திரும்புதலுக்கு ஒரு பத்தி உண்டு. திரும்பக் கொடுப்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அப்படியானால் ஏமாற்றியவருக்கு மனநிம்மதி கிடைக்கும்; ஏமாந்தவருக்கு என்ன கிடைக்கும்?

நீதிமொழிகள் தனிமனிதரிடம் பேசுகிறது என்பது உண்மை. மட்டம், மட்டம் என்று பேரம் பேசி வாங்கிவிட்டு வெளியே போய்ப் பெருமையடிக்கும் வாடிக்கையாளரைக்கூட அது விடவில்லை (20:14). ஆனால் அதோடு நிறுத்தினால், 'நான் நேர்மையானவனா?' என்ற கேள்விதான் மிஞ்சும். மற்ற நூல்கள் கேட்பவை வேறு: யார் நஷ்டப்பட்டார், அவருக்கு எவ்வளவு திரும்பப் போக வேண்டும்? அடுத்த கைப்பிரதி எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தால் நல்லது.