தொடை நயம்

பள்ளிக்கூடத் தமிழ் வினாத்தாளில் ‘பின்வரும் பாடலின் நயம் பாராட்டுக’ என்று ஒரு கேள்வி உண்டு. அதற்கு எங்கள் தமிழ் ஐயா ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். மோனை இருக்கிற இடத்தில் கோடு போடு. எதுகைக்கு இரண்டு கோடு. முரண் கிடைத்தால் விடாதே. இயைபு அடியின் கடைசியில் ஒளிந்திருக்கும். அளபெடை அகப்பட்டால் உன் அதிர்ஷ்டம். பாட்டு விளங்காவிட்டாலும் பாதி மார்க் வந்துவிடும்.

பாதி மார்க் எனக்கு வந்தது. மீதிப் பாதிக்கு என்ன எழுதியிருக்க வேண்டும் என்பது இப்போதுதான் பிடிபடுகிறது. பாட்டுக்குப் பதிலாக, தாமிரபரணிக் கரையில் ஒரு பள்ளியாண்டு முடிகிற விதத்தைக் கொடுத்து நயம் பாராட்டச் சொல்லியிருந்தால் கூடுதல் தாள் வாங்கி எழுதியிருப்பேன்.

எங்கள் பக்கத்துப் பள்ளியாண்டுக்கு இரண்டு கரை. ஜூனில் பள்ளி திறந்து புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்ட சூடு ஆறுமுன் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அது முன்கரை. பாபநாசத்தில் சித்திரை விசுவுக்குக் கூட்டம் சேரும்போது பரீட்சை முடிந்திருக்கும், இல்லையென்றால் முடியும் தறுவாயில் இருக்கும். அது பின்கரை. நடுவில் ஓடுவது ஆறு போல ஓடிவிடும். பின்கரை நெருங்கும் தை, மாசியில்தான் ஆண்டு விழாவுக்குப் பந்தக்கால் நடுவார்கள்.

மோனையில் தொடங்குவோம். அழைப்பிதழில் அதைத் தேடவே வேண்டாம். பெற்றோரும் பெரியோரும் பங்கேற்க வேண்டும் என்பார்கள். முன்னாள் மாணவர் முன்னிலை வகிப்பார். வரவேற்புரை, வாழ்த்துரை என்று வகரம் வரிசை கட்டும். கடைசியில் நன்றியுரையும் நாட்டுப்பண்ணும் நகரத்தில் கை கோத்து நிற்கும். இதெல்லாம் அச்சகத்துக்காரருக்கு மனப்பாடமான மோனை. நான் ரசிப்பது பரிசுப் பட்டியலில் வருகிற மோனையை.

பாளையங்கோட்டைக்குத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அந்தப் பெயர் மிகையா இல்லையா என்ற வழக்கு கிடக்கட்டும். ஆற்றுக்கு இந்தக் கரையில் யோவான், சவேரியார், சாராள் தக்கர் பள்ளிகள். அந்தக் கரையில் டவுனில் ம.தி.தா. இந்துக் கல்லூரிப் பள்ளி, சாஃப்டர், கல்லணை மாநகராட்சிப் பெண்கள் பள்ளி. கொஞ்சம் தள்ளி மேலப்பாளையத்தில் முஸ்லிம் மேல்நிலைப் பள்ளி. வாசல் பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே வருகைப் பதிவேட்டைத் திறந்தால் முதல் பக்கம் ஒரே மாதிரிதான் இருக்கும்: அந்தோணி, அப்துல், அய்யாத்துரை. மூவரையும் ஒன்றாக உட்கார வைத்தது எந்த உபதேசமும் இல்லை, அகர வரிசை. பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்தவர்கள் பரிசளிப்பு அன்று மேடைப் படியிலும் ஒட்டியே நிற்பார்கள். ஒருவன் சட்டைக் காலரை மற்றவன் சரி செய்துவிடுவான். முதல் எழுத்து ஒன்றி வருவது மோனை என்று இலக்கணம் சொல்கிறது. ஒன்றினால் என்ன ஆகும் என்பதை அந்தப் படிக்கட்டில்தான் பார்க்க வேண்டும்.

மேடைக்கு வந்துவிட்டோம், அளபெடையைப் பார்த்துவிடலாம். ஓசை குறைந்த இடத்தில் எழுத்தை நீட்டி நிரப்புவது அளபெடை. எழுத்தில் அபூர்வம், மைக்கில் தாராளம். பட்டியல் படிக்கிற ஆசிரியர் ‘நூறு மீட்டர் ஓட்டம்’ என்று தொடங்குவார். அடுத்த தாள் காற்றில் ஒட்டிக்கொண்டு வராது. ‘முதல் பரிசூஉஉ’ என்று இழுத்துக்கொண்டே விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் பிரிப்பார். அந்த இழுப்புக்குள் எத்தனை நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கீழே பெஞ்சுக்கு அடியில் ஒரு குரல் கேட்கும்: “ஏல, நம்ம பேரு எப்பம்ல வரும்?” “பொறு மக்கா, இன்னும் ‘ஆ’வே முடியல.” ஆசிரியருக்குத் தாள் ஒட்டிக்கொண்டது தற்செயல். ஆனால் இத்தனை பேரை ஒரே நேரத்தில் மூச்சைப் பிடிக்க வைத்த ஓசை அந்த விழாவில் வேறு இல்லை.

ஓசையே இல்லாத அளபெடையும் எங்கள் ஊரில் உண்டு. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இருக்கிறது. அதை உண்டாக்கிய ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையாரின் பெயரையே தாங்கி நிற்கிறது. சைகை மொழியில் கைதட்டுவதென்றால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, விரல்களை விரித்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி அசைப்பார்கள். ஒரு கூட்டமே அப்படிக் கையை உயர்த்தினால், ஆற்றங்கரை வாழைத் தோட்டத்தில் கச்சான் காற்று புகுந்தாற்போல இருக்கும். நாம் தட்டும் கைத்தட்டல் நாலு நொடியில் அடங்கிவிடும். விரல்கள் அப்படிச் சட்டென்று அடங்குவதில்லை. கடைசி வரிசைப் பிள்ளை கையை இறக்கும்வரை பாராட்டு காற்றில் நிற்கிறது.

அடுத்தது எதுகை. இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. தமிழ்க் கவிதைக்கு முதல் எழுத்தைவிட இரண்டாம் எழுத்தின்மேல் ஆசை அதிகம். பள்ளிக்கூடத்துக்கோ முதலிடத்தின்மேல்தான் ஆசை. இந்த மனத்தாங்கலைத் தீர்த்து வைத்தது ஒரு தம்ளர்.

எங்கள் வீட்டு அடுக்களையில் எவர்சில்வர் தம்ளர் ஒன்று இருந்தது. வாய் சற்று விரிந்து, அடி சற்று ஒடுங்கியது. பாத்திரக் கடையில் பேர் வெட்டித் தருவார்களே, அதுபோலப் புள்ளி புள்ளியாக அதில் ஒரு வரி: ‘உயரம் தாண்டுதல் – II’. கீழே ஆண்டு. அம்மா பெயர் கிடையாது. பரிசு வாங்கப் போகிறவர் யாரென்று தெரியுமுன்பே கடையில் வெட்டி வாங்கிவிடுவார்கள். அதனால் போட்டிக்கும் இடத்துக்கும் மட்டும்தான் பேர் இருக்கும். ஆச்சி அதில்தான் அம்மாவுக்குக் காப்பி கொடுத்தாள். கல்யாணச் சீரோடு அது இந்த வீட்டுக்கு வந்தது. நாங்கள் கருப்பட்டிக் காப்பி குடித்தோம். காய்ச்சல் வந்தால் கஞ்சி குடித்தோம். அரிசி அளக்கும் ஆழாக்கு காணாமல் போனபோது அதுவே ஆழாக்கு ஆனது. தேய்த்துத் தேய்த்துப் புள்ளிகள் மழுங்கின. ‘உயரம்’ போய்விட்டது, ‘தாண்டுதல் – II’ மட்டும் மிச்சம்.

முதல் பரிசு என்ன கொடுத்தார்கள் என்று ஒருநாள் கேட்டேன். “கோப்பை. அது அவ வீட்டுக் கண்ணாடி அலமாரியில இருக்கும்” என்றாள் அம்மா. பிறகு தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “பாவம், ஒரு நாளும் காப்பி குடிச்சிருக்கமாட்டா அதுல” என்றாள். எதுகையின் பெருமையை இதைவிட நன்றாக யாப்பிலக்கண நூல் சொல்லிவிடாது.

பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கிற வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வரை தேர்வு முடிவு அன்று ஒரே மாதிரியான புகைப்படம் நாளிதழில் வரும்: நடுவில் பிள்ளை, இருபக்கமும் பெற்றோர், நாலு பக்கமிருந்தும் வாயை நோக்கி வரும் இனிப்பு. படத்துக்கு வெளியே நின்ற பிள்ளைகளின் வாயில் என்ன இருந்தது என்று அந்தப் படம் ஒருபோதும் சொன்னதில்லை. இந்துக் கல்லூரிப் பள்ளியில் பாரதி 1894 முதல் 1897 வரை படித்தார். அவர் படித்த வகுப்பறையை நினைவாக வைத்திருக்கிறார்கள். பார்க்கப் போகிறவர் யாரும் அவர் கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்பதாகத் தெரியவில்லை.

முரணுக்கு ஆண்டறிக்கையைத்தான் எடுக்க வேண்டும். தலைமையாசிரியர் அதை வாசிக்கும்போதுதான் பெற்றோர் எழுந்து கால் நீட்டுவார்கள், சுண்டல்காரர் சுறுசுறுப்பாவார். நான் அப்போது காதைத் தீட்டிக்கொள்வேன். தேர்ச்சி விழுக்காடு, குறுவட்டப் போட்டியில் வென்றவர்கள், சாரணர் முகாம், நன்கொடையாகக் கிடைத்த மின்விசிறிகள். எல்லாம் ஒரே தாளத்தில் போகும். நடுவே ‘இவ்வாண்டு பணி நிறைவு பெறுவோர்’ என்று ஒரு வரி வரும்போது மட்டும் குரல் கொஞ்சம் கீழே இறங்கும். ஓய்வு வயது கல்வியாண்டின் நடுவில் வந்தாலும், பிள்ளைகளின் படிப்பு குலையாதிருக்க, ஆண்டு முடியும் வரை ஆசிரியரைத் தொடரச் சொல்லும் ஏற்பாடு அரசில் உண்டு. அதனால் பதினேழு வயதும் அறுபதை எட்டிய வயதும் ஒரே வாசல் வழியாக ஒரே கோடையில் வெளியேறுகின்றன. ஒருவருக்கு வெள்ளைச் சட்டை நிறைய மை. மற்றவருக்குத் தோளில் சால்வை. இருவருக்கும் ஜூனில் போவதற்கு இந்த இடம் இல்லை.

2023–24 கல்வியாண்டின் அறிக்கைகளில் இன்னொரு முரண். டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்தது. அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப் போனது. நனைந்த புத்தகங்களுக்குப் பதில் புதியவை கொடுத்தார்கள். வெள்ளத்தில் போன சான்றிதழ்களை மீண்டும் வழங்க முகாம் போட்டார்கள். திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனபோது பயணிகளில் ஒரு பகுதியினரை அருகிலிருந்த பள்ளியில்தான் தங்க வைத்தார்கள். இவ்வளவையும் ஆண்டறிக்கை நடை ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடும்: ‘கனமழை காரணமாக சில நாள்கள் விடுமுறை விடப்பட்டது.’ ஊரே தத்தளித்த நாளுக்கு விடுமுறை என்று பெயர். அந்த அடக்கத்தில் ஒரு கண்ணியம் இருக்கிறது. பாடம் நடக்காத நாளாகத்தான் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கெழுதத் தெரியும்.

கொரோனா வந்த 2020-இல் பத்தாம் வகுப்புத் தேர்வே நடக்கவில்லை. காலாண்டு, அரையாண்டு மார்க்கிலிருந்து எண்பது சதவீதமும் வருகைப் பதிவிலிருந்து இருபதும் எடுத்து மார்க் போட்டார்கள். கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல், ஆனால் ஒருநாளும் தவறாமல் வந்து உட்கார்ந்த பிள்ளைக்கு, வந்ததற்காகவே மார்க் கிடைத்த ஆண்டு அது. ‘உள்ளேன் ஐயா’ என்ற சொல்லுக்கு அரசு விலை வைத்தது.

மே மாதத்தில் முடிவு வரும். முன்பு மாலைப் பத்திரிகையில் வெறும் எண்களாக வரும். எண் இருந்தால் பிள்ளை இருக்கிறான், இல்லையென்றால் இல்லை. இப்போது காலையிலேயே கைப்பேசியில் தெரிந்துவிடுகிறது. ஆனால் நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை திறக்க அந்தி வேண்டும். காலையில் வந்த மார்க்குக்கு மாலை வரை அல்வா கிடையாது. இந்த இடைவெளியை நான் மிகவும் மதிக்கிறேன். எண்ணைப் பார்த்த முகம் கொஞ்சம் ஆறி, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முடிவையும் விசாரித்து, வாங்கப் போகும் பொட்டலத்தைக் கால் கிலோவா அரைக் கிலோவா என்று தீர்மானிக்க அவ்வளவு நேரம் வேண்டும்.

இயைபுக்கு ஐயா சொன்னபடி அடியின் கடைசியில்தான் தேட வேண்டும். பள்ளிக்கூட வாழ்வின் கடைசித் தாள் டி.சி., மாற்றுச் சான்றிதழ். அதைப்போல நயமான அரசுப் படிவம் வேறு இல்லை. பெயர், பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும், நீங்கிய நாள். நடுவே ‘அங்க அடையாளங்கள்’ என்று இரண்டு வரி.

நான் படித்த பள்ளியில் எழுத்தர் மேசை வராந்தா மூலையில் இருந்தது. மூக்குக் கண்ணாடியை இறக்கி, “ஏல, மச்சம் எங்க இருக்கு?” என்றார். இடது முழங்கையைத் திருப்பிக் காட்டினேன். குனிந்து, தேடி, எழுதினார். இன்னொன்று கேட்டார். யோசித்தேன். அவரே என் நெற்றியைப் பார்த்து, “இது?” என்றார். வேதியியல் ஆய்வகத்தில் நான் செய்யக் கூடாததைச் செய்து, சோதனைக் குழாய் வெடித்து, மூன்று தையல் போட்ட இடம். அந்த மாதம் முழுக்க என்னை வெளியே நிற்க வைத்திருந்தார்கள். அப்பா வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். எழுத்தருக்கும் அது தெரியும். ‘நெற்றியில் ஒரு தழும்பு’ என்று எழுதினார்.

அடுத்த வரி, மாணவரின் ஒழுக்கமும் பண்பும். பேனா அங்கே நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. மேலே அடுக்கியிருந்த தாள்களில் எனக்கு முன்னே வாங்கப் போகிறவர்களின் கடைசி வரி தெரிந்தது. அந்தோணிக்கும் அதே சொல், அப்துலுக்கும் அதே சொல், அய்யாத்துரைக்கும் அதே சொல். என்னுடையதும் அவர்களோடு இயைந்தது:

நன்று.