ஆலோசகரின் சாட்சியம்

ஆள்வோரின் அருகிலிருந்தவர் விட்டுச்செல்லும் ஏடுகளை நாம் எவ்வாறு படிப்பது? பேராசிரியர் ஜெயரத்தினம் வில்சன் 1978 முதல் 1983 வரை ஜனாதிபதி ஜயவர்த்தனாவின் ஆலோசகராகவும், தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் அவருக்குமிடையே தூதராகவும் நின்றவர். அந்நாட்களின் சாட்சியமே, 'இலங்கையின் உடைவு' எனப் பொருள்படும் அவரது 1988ஆம் ஆண்டு ஆங்கில நூல்.

அவர் பாடுபட்ட மாவட்ட அபிவிருத்திச் சபைகள் 1980இல் சட்டமாயின. 1981 ஜூன் 4ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் அவற்றுக்குத் தேர்தல். அதற்குச் சில நாள் முன்னரே, அங்குள்ள பொதுநூலகம் பொலிஸாரும் சேர்ந்த கும்பலால் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பிறந்த சபைகளுக்கோ போதிய அதிகாரமுமில்லை, நிதியுமில்லை.

நல்ல வரைவு நல்லாட்சியைத் தரும் என்ற நம்பிக்கையோடுதான் நாம் மாறுபடுகிறோம். மக்கள் பலம் பின்னில்லாத வாக்குறுதி மேசையிலேயே தங்கிவிடும். ஆயினும் இச்சாட்சியம் தள்ளத்தக்கதன்று. தமிழர் கேட்டது இன்னதென அறியோம் என்று ஆட்சியாளர் சொல்ல அது இடம் வைக்கவில்லை. சட்டம் எழுதிய கையையும் தீயைத் தடுக்காத கையையும் ஒருங்கே வைத்துப் படிப்பதே, ஏடுகள் எரிந்த ஊரினராகிய நமது கடமை.